பிராக் நகரில் ஆறு முகவரிகள்!

பிராக் நகரத்துக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது மணிக்கூண்டுதான். மணி அடித்ததும் மேலே இரண்டு ஜன்னல்கள் திறக்கும். சீடர் பொம்மைகள் வரிசையாக வந்து எட்டிப் பார்க்கும். பக்கத்தில் ஓர் எலும்புக்கூடு சின்ன மணியை ஆட்டி, 'நேரமாச்சு... கிளம்பு!' என்பது போலத் தலையசைக்கும். கீழே நிற்கிற கூட்டம் மொத்தமும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கும். ஒரு நிமிஷத்தில் ஷோ முடிந்துவிடும். 'அவ்வளவுதானா?' என்று கலைந்து போவார்கள்.

நானும் பார்த்தேன். 'அவ்வளவுதானா?' என்றேன். அப்புறம் பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து அக்கா மகனிடம் கொடுத்தேன். அவன் அந்த ஊரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். சீட்டில் ஆறு முகவரிகள் - ஒரு பீர்க் கடை, ஓர் ஆபீஸ், ஒரு பொந்து வீடு, ஒரு கல்லறை, ஓர் இரட்டை வீடு, இன்னொரு கல்லறை.

படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "என்ன மாமா இது... டூர் புரோகிராமா, கருமாதிப் பத்திரிகையா?"

"நாவல்டா. மூணு பேர் எழுதின நாவல்."

விஷயம் இதுதான். முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில், 1918 அக்டோபர் 28-ல் செக்கோஸ்லோவாகியா என்று ஒரு புது நாடு பிறந்தது. 1939 மார்ச் 15-ல் ஹிட்லரின் படை பிராகுக்குள் நுழைந்தது. நடுவில் கிடைத்தது இருபதே வருஷம். அந்த இருபது வருஷ இடைவேளையில் இந்த ஒரே ஊரின் மூன்று எழுத்தாளர்கள் புத்தகங்களாக வெளிவந்தார்கள். ஒருவர் அரசாங்கத்தைப் பார்த்துச் சிரித்தார். ஒருவர் அரசாங்கத்துக்குள் மாட்டிக்கொண்ட மனிதனை எழுதினார். ஒருவர், 'ஐயா, வெள்ளம் வருது!' என்று கத்தினார். மூன்று பேருமே ஐம்பது வயதைத் தாண்டவில்லை.

முகவரி 1: பீர்க் கடை

ஐ.பி.பாவ்லோவா மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் 'உ கலிஹா' என்ற கடை. 'கிண்ணத்தடியில்' என்று வைத்துக்கொள்ளலாம். சுவரெல்லாம் கார்ட்டூன். கார்ட்டூனுக்கு நடுவே வந்து போனவர்கள் கிறுக்கிய கையெழுத்து. அக்கார்டியன்காரர் மேஜை மேஜையாக வந்து வாசிக்கிறார். நம்மூர் சைவ வயிற்றுக்கு அந்த ஊரில் ஒரே துணை, சீஸைத் துண்டம் போட்டு, மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவதுதான். பஜ்ஜிக்கு தூரத்துச் சொந்தம். ஆர்டர் பண்ணிவிட்டுக் கதையை ஆரம்பித்தேன்.

யாரோஸ்லாவ் ஹாஷெக் எழுதிய 'நல்ல சிப்பாய் ஷ்வேக்' நாவலின் முதல் அத்தியாயம் நடப்பது இதே கடையில். வருஷம் 1914. கதாநாயகன் ஷ்வேக்குக்குத் தொழில், நாய் வியாபாரம். தெரு நாய்க்கு உயர்ஜாதி சர்டிபிகேட் தயார் பண்ணி விற்பார்! இளவரசர் பெர்டினாண்டைச் சுட்டுவிட்டார்கள் என்று வீட்டு வேலைக்கார அம்மாள் சொன்னதும், எந்த பெர்டினாண்ட் என்று நிஜமாகவே யோசிக்கிறார். அவருக்குத் தெரிந்து ரெண்டு பெர்டினாண்ட் உண்டு. ஒருத்தர், மருந்து என்று நினைத்து முடிக்குத் தடவுகிற எண்ணெயைக் குடித்தவர். இன்னொருத்தர், நாய்க் கழிவு பொறுக்குகிறவர்!

பிறகு பீர் குடிக்க இந்தக் கடைக்கு வருகிறார். மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் காத்திருக்கிறார். சுவரில் இருந்த சக்கரவர்த்தி படம் எங்கே என்று கேட்கிறார். ஈ அசிங்கம் பண்ணிவிட்டது, கழற்றி வைத்துவிட்டேன் என்கிறார் கடைக்காரர். போச்சு! ராஜத்துரோகம்! ஷ்வேக்கும் உள்ளே, கடைக்காரரும் உள்ளே. ஈ செய்த குற்றத்துக்கு மனுஷனுக்கு ஜெயில்!

எழுதியவர் வாழ்க்கையும் இதற்குச் சளைத்ததில்லை. ஹாஷெக் ஒரு மிருகப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தபோது, உலகத்தில் இல்லாத மிருகங்களை இருப்பதாக எழுதி வேலையை இழந்தார். 1911-ல் 'சட்டத்தின் வரம்புக்குள் மிதமான முன்னேற்றக் கட்சி' என்று ஒன்றை ஆரம்பித்துத் தேர்தலைக் கேலி செய்தார். (பெயரைப் பாருங்கள், இன்றைக்கும் ரிஜிஸ்டர் பண்ணலாம்!) போருக்குப் போய், 1915-ல் ரஷ்யர்களிடம் பிடிபட்டு, அங்கேயே செஞ்சேனையிலும் சேர்ந்துவிட்டு, 1920 டிசம்பரில் ஊர் திரும்பினார். அடுத்த வருஷமே ஷ்வேக் ஆரம்பம். நண்பரோடு சேர்ந்து, வாரம் ஒரு சின்னப் புத்தகமாகச் சொந்தத்தில் அச்சடித்து வெளியிட்டார். அதாவது, நம்ம வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரி!

உடம்பு இடம் கொடுக்கவில்லை. லிப்னீட்சே என்ற கிராமத்தில் இருந்துகொண்டு, வாயால் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். நாலாவது பாகம் பாதியில் நிற்கும்போது, 1923 ஜனவரி 3-ல் போய்ச் சேர்ந்தார். வயது 39.

கடைச் சுவரில் உருண்டை முகமும் அப்பாவிச் சிரிப்புமாகப் பார்க்கிற ஷ்வேக்கை வரைந்தவர் யோசெஃப் லாடா. நண்பர். ஹாஷெக் உயிரோடு இருக்கும்போது அட்டைப்படம் போட்டுக் கொடுத்தார். இன்றைக்கு உலகத்துக்கே தெரிந்த தொடர் படங்களை வரைந்ததோ, நண்பர் போன பிறகுதான். கதை பாதியில் நின்றுபோனாலும் முகம் நிற்கவில்லை. கோகுலகிருஷ்ணனை நாம் ராஜா ரவிவர்மா படத்தில் பார்ப்பது போல, செக் ஜனங்களுக்கு ஷ்வேக் என்றால் லாடா போட்ட ஷ்வேக்தான்.

முகவரி 2: ஆபீஸ்

ந பொர்ஷீச்சி தெருவில் கம்பீரமான பழைய கட்டடம். இப்போது ஹோட்டல். அப்போது தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் ஆபீஸ். 1908 முதல் 1922 வரை இங்கே ஒருவர் காலை எட்டு மணிக்கு வந்து மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனார். சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். மரம் இழைக்கும் மெஷினில் சதுரத் தண்டுக்குப் பதில் உருண்டைத் தண்டு போட்டால் தொழிலாளியின் விரல் தப்பும் என்று படம் போட்டு ரிப்போர்ட் எழுதினார். ராத்திரியில் வேறு விஷயம் எழுதினார். பெயர் ஃபிரான்ஸ் காஃப்கா.

காஃப்கா என்றால் புரியாது, தலைவலி என்று ஒரு பயம் நம் ஆட்களுக்கு உண்டு. அநியாயம்! 'விசாரணை' நாவலில் ஒரு பேங்க் அதிகாரியை ஒருநாள் காலையில் கைது பண்ணுகிறார்கள். என்ன குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. கேஸ் நடக்கிறது, அலைகிறார், எங்கேயும் பதில் இல்லை. 'கோட்டை' நாவலில் ஒரு சர்வேயர். வேலைக்கு வரச் சொன்னார்கள் என்று வருகிறார். கடைசிவரை கோட்டைக்குள் நுழைய முடியவில்லை. பட்டா மாற்றத்துக்கு அலைந்த எவருக்கும் காஃப்காவைப் புரியவைக்கக் கோனார் நோட்ஸ் வேண்டாம். அதிலும் ஹீரோ சர்வேயர்! ('விசாரணை'யை ஏ.வி.தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து நேரே தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். தேடிப் படியுங்கள்.)

1924 ஜூன் 3-ல், வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு சானடோரியத்தில் காஃப்கா காசநோயில் இறந்தார். வயது 40. அவர் மேஜையில் நண்பர் மாக்ஸ் ப்ரோடுக்கு ஒரு சீட்டு கிடைத்தது. மிச்சமிருக்கிற காகிதம் அத்தனையையும் படிக்காமல் எரித்துவிடு என்று!

ப்ரோட் எரிக்கவில்லை. படித்தார். உறை உறையாகக் கிடந்த அத்தியாயங்களை அடுக்கினார். 1925-ல் 'விசாரணை', 1926-ல் 'கோட்டை', 1927-ல் 'அமெரிக்கா' என்று வருஷத்துக்கு ஒரு நாவலை வெளியிட்டார். இதே ப்ரோட்தான் ஷ்வேக்கின் அருமையை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர். இன்னொருவரோடு சேர்ந்து அதை நாடகமாக எழுதினார். 1928-ல் பெர்லினில் மேடையேறியது. ஊரில் மற்றவர் திறமையைத் தூக்கிச் சுமக்கவென்றே சிலர் பிறக்கிறார்கள் இல்லையா, அந்த ரகம்.

"கடைசி ஆசைய மீறலாமா மாமா? தப்பில்ல?" என்றான் அக்கா மகன்.

"நான் எரிக்க மாட்டேன்னு ப்ரோட் முன்னாடியே மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார்டா. தெரிஞ்சும் அவர் பேருக்கே சீட்டு எழுதி வெச்சிருக்கார். எரிக்கணும்னு நெசமா நெனைச்சிருந்தா, கையில தீப்பெட்டி இல்லையா அவருக்கு?"

அவன் பதில் சொல்லவில்லை. போன் அடித்தது. ஆபீஸ்!

முகவரி 3: பொந்து வீடு

பிராக் கோட்டைக்குள் 'தங்கச் சந்து' என்று ஒன்று. தீப்பெட்டிகளை அடுக்கிப் பெயின்ட் அடித்தது மாதிரி வரிசையாகக் குட்டிக் குட்டி வீடுகள். உயரமானவர்கள் குனிந்துதான் நுழையணும். டிக்கெட் வாங்கித்தான் உள்ளே விடுகிறார்கள். 22-ம் நம்பர் வாசலில் எப்போதும் கூட்டம்.

அது காஃப்காவின் வீடு என்று கைடு சொல்வார். பாதி நிஜம். அதை வாடகைக்குப் பிடித்தவள், அவருடைய கடைசித் தங்கை ஓட்லா. வீட்டில் சத்தம், அப்பாவோடு ஒத்துப்போகவில்லை, அண்ணன் எழுத இடமில்லை. 1916-17 குளிர்காலத்தில் ஆபீஸ் முடிந்து இங்கே வந்து எழுதினார். ராத்திரி படியிறங்கித் தூங்கப் போவார். 'கிராமத்து டாக்டர்' தொகுதியின் கதைகளில் பல இந்தப் பொந்தில் பிறந்தவை.

உள்ளே போய் நின்று பார்த்தேன். ஆறு பேர் நின்றால் ஏழாவது ஆளுக்கு மூச்சு முட்டும். எழுதுகிறவனுக்கு வேண்டியது பங்களா இல்லை ஸார். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம். 'நீ எழுது, நான் பார்த்துக்கறேன்' என்று சொல்ல ஓர் ஆள்.

முகவரி 4: கல்லறை

மறுநாள் மெட்ரோவில் ஷெலிவ்ஸ்கேஹோ ஸ்டேஷன். வெளியே வந்தால் யூதர்களின் புதுக் கல்லறைத் தோட்டம். சனிக்கிழமை போய் நின்றுவிடாதீர்கள், லீவு. ஆண்கள் தலையை மூடிக்கொண்டு போகணும். நான் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டேன். "காஃப்கா பாக்க வந்த மாதிரி இல்ல மாமா... வரப்பு வெட்ட வந்த மாதிரி இருக்கு" என்றான் பயல்.

சுவரோரமாகவே நடந்தால் ஆறு பக்கம் வைத்துச் செதுக்கின பளிங்கு மாதிரி, மேலே அகலமான ஒரு கல். 'டாக்டர் ஃபிரான்ஸ் காஃப்கா' என்று பெயர். கீழே அப்பா, அம்மா பெயர்கள். எந்த அப்பாவுக்கு வாழ்நாள் பூராவும் பயந்தாரோ அவரோடு ஒரே கல்லுக்கு அடியில்! கல்லைச் சுற்றிப் பூ இல்லை, கூழாங்கற்கள். வருகிறவர்கள் ஒரு கல் வைப்பது யூதர் வழக்கம். கல்லுக்கு அடியில் மடித்து வைத்த கடிதங்கள்கூட இருந்தன. செத்துப்போனவருக்கு லெட்டர்! எதிர்ச் சுவரில் மாக்ஸ் ப்ரோட் பெயரில் ஒரு பலகை. பக்கத்து ஆள் அங்கேயும் பக்கத்தில்!

1939 மார்ச்சில் ஜெர்மன் படை வருவதற்குச் சற்று முன்னால் கிளம்பிய கடைசி ரயிலில் ப்ரோட் தப்பினார். அவர் கையில் ஒரு பெட்டி. பெட்டி நிறையக் காஃப்காவின் கையெழுத்துக் காகிதங்கள். அந்த ரயிலைத் தவறவிட்டிருந்தால்...? காஃப்கா கேட்ட நெருப்பை நாஜிகள் வைத்திருப்பார்கள்.

காஃப்காவின் கல்லுக்குக் கீழே இன்னொரு சின்னப் பலகை இருக்கிறது. அவருடைய மூன்று தங்கைகளின் பெயர்கள். எல்லி, வல்லி, ஓட்லா. பெயர் மட்டும்தான் இங்கே. மூன்று பேரையும் நாஜிகள் கொன்றார்கள்.

ஓட்லாவின் கதை தெரிந்தால் அங்கே நிற்க முடியாது. அவள் கணவர் யூதர் இல்லை. அந்தக் கல்யாணம் அவளுக்குக் கவசம். விவாகரத்துக்குப் பின் அந்தக் கவசமும் போனது. 1942-ல் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1943-ல் போலந்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அந்த முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். அக்டோபரில் அவர்களை வேறு இடத்துக்கு அனுப்பியபோது, துணைக்கு நான் போகிறேன் என்று தானாக முன்வந்தவர்களில் ஓட்லாவும் ஒருத்தி. ரயில் போய் நின்ற இடம், ஆஷ்விட்ஸ்.

அண்ணனுக்கு எழுத இடம் பிடித்துக் கொடுத்தவளுக்கு, படுக்க ஆறடி இடம் இல்லை.

அக்கா மகன் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி, காஃப்காவின் பெயர்ப் பக்கம் வைக்காமல், அந்தச் சின்னப் பலகை மேல் வைத்தான். நான் சொல்லவில்லை. அவனாகவேதான்.

முகவரி 5: இரட்டை வீடு

அங்கிருந்து வினோஹ்ரடி பக்கம். மரமும் நிழலுமாக, நம்ம பழைய மைலாப்பூர் மாதிரி அமைதி. தெருவின் பெயரே 'சாப்பெக் சகோதரர்கள் தெரு'. ஒரே சுவரைப் பங்குபோட்டு ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகள். ஒன்றில் எழுத்தாளர் தம்பி கரெல். மற்றதில் ஓவியர் அண்ணன் யோசெஃப். 1925-லிருந்து இங்கே வாசம். (சுவருக்கு வரப்புச் சண்டை போடாத சகோதரர்கள்! இதற்கே ஒரு தெருப் பெயர் கொடுக்கலாம்.) வெள்ளிக்கிழமை தோறும் தம்பி வீட்டில் நண்பர்கள் கூடுவார்கள். ஜனாதிபதி மசாரிக்கும் வந்து உட்கார்ந்து பேசுவார்.

கரெல் சாப்பெக் பத்திரிகைக்காரர். தோட்டம் போடுகிறவன் படும் பாட்டை வைத்து அவர் எழுதிய நகைச்சுவைப் புத்தகத்தைப் படித்தால், தொட்டியில் ரோஜா வைத்த எவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆனால் அவரை உலகம் அறிந்தது வேறு ஒன்றால். 1920-ல் 'ஆர்.யு.ஆர்.' என்று ஒரு நாடகம் எழுதினார். தொழிற்சாலையில் செயற்கை மனிதர்களைத் தயாரிக்கிறார்கள். ஒருநாள் அவை முதலாளிகளைத் தீர்த்துக்கட்டுகின்றன. அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது? கரெலுக்குத் தோன்றிய பெயர் அவருக்கே பிடிக்கவில்லை. அண்ணனிடம் போய்க் கேட்டார். யோசெஃப் வாயில் பிரஷ்ஷைக் கவ்வியபடி படம் வரைந்துகொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல், முணுமுணுப்பாக ஒரு வார்த்தை சொன்னார்.

ரோபோ!

செக் மொழியில் 'ரொபோதா' என்றால் ஆண்டைக்குக் கூலியில்லாமல் செய்கிற கட்டாய வேலை. நம் பக்கத்தில் வெட்டி என்பார்களே, அது. சுஜாதா நமக்குக் கொடுத்த ஜீனோ நாய்க்கும், 2010-ல் ரஜினி போட்ட சிட்டி வேஷத்துக்கும் மூலப் பெயர், ஓர் ஓவியர் பிரஷ்ஷைக் கவ்விக்கொண்டு சொன்னது. ராயல்டி? அண்ணனுக்குப் பெருமை சேர வேண்டும் என்று தம்பி 1933-ல் பத்திரிகையில் எழுதிச் சொன்னாரே, அதுதான்.

1936-ல் 'பல்லிகளோடு யுத்தம்' என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு நாவல். நிஜத்தில் பல்லி இல்லை. தண்ணீரில் வாழும் சாலமாண்டர். சுமத்ரா பக்கத்துத் தீவில் ஒரு கப்பல் கேப்டன் அவற்றைக் கண்டுபிடிக்கிறார். முத்தெடுக்கப் பழக்குகிறார்கள். பிறகு கூலி வேலை. பிறகு கையில் ஆயுதம். எல்லா நாட்டுக்கும் லாபம், அதனால் எவரும் வாயைத் திறப்பதில்லை. கடைசியில் அவை, எங்களுக்கு இடம் போதவில்லை என்று கரைகளை உடைத்துக் கடலில் மூழ்கடிக்க ஆரம்பிக்கின்றன. அதுதான் கேட்கிறதே, கொடுத்துவிடலாம் என்று பெரிய நாடுகள் மாநாடு போட்டு, அடுத்தவன் நிலத்தை விட்டுக்கொடுக்கப் பேரம் பேசுகின்றன!

இரண்டே வருஷம். 1938 செப்டம்பர் கடைசியில் மியூனிக் நகரில் பிரிட்டனும் பிரான்ஸும் ஹிட்லரோடு உட்கார்ந்து, செக்கோஸ்லோவாகியாவின் எல்லைப் பகுதிகளைத் தூக்கிக் கொடுத்தன. கூப்பிடக்கூட இல்லை செக்காரர்களை. கற்பனை, செய்தியாக அச்சாகிவிட்டது.

கரெல் நாட்டை விட்டுப் போகவில்லை. சொந்த ஊர்க்காரர்களிடமே வசை வாங்கினார். 1938 டிசம்பர் 25-ல் நிமோனியாவில் இறந்தார். வயது 48. அடுத்த மார்ச்சில் நாஜி போலீஸ் கெஸ்டபோ இந்த வாசலுக்கு வந்தது, அவரைக் கைது பண்ண! அவர் இறந்து மாதங்கள் ஆயிற்று என்று மனைவி ஓல்கா சொல்ல வேண்டியிருந்தது. ஹாஷெக் இருந்திருந்தால் இந்தக் காட்சியை ஷ்வேக்கில் சேர்த்திருப்பார்.

ஆனால் பக்கத்துக் கதவில் அண்ணன் இருந்தார். 1939 செப்டம்பர் 1-ல் யோசெஃபைப் பிடித்தார்கள். முகாம் முகாமாக மாற்றினார்கள். கடைசியில் பெர்கன்-பெல்சன். 1945 ஏப்ரல் 15-ல் பிரிட்டிஷ் படை அந்த முகாமை விடுவித்தது. யோசெஃப் அதே ஏப்ரலில் அங்கே இறந்துபோனார். எந்தத் தேதி என்றுகூட நிச்சயமில்லை.

முகவரி 6: இன்னொரு கல்லறை

விஷெஹ்ராட், ஆற்றுக்கு மேலே ஒரு குன்று. நாட்டின் பெரிய மனிதர்கள் எல்லாம் தூங்குகிற இடம். இசைமேதை துவோர்ஷாக் இங்கே இருக்கிறார். கரெல் சாப்பெக் இங்கே இருக்கிறார். யோசெஃபுக்கும் ஒரு கல் வைத்திருக்கிறார்கள். அதில் செதுக்கியிருப்பதை அக்கா மகன் தனக்குத் தெரிந்த செக்கில் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னான். ஓவியரும் கவிஞருமான யோசெஃப் சாப்பெக் புதைக்கப்பட்டிருக்க வேண்டிய இடம் இது. அவர் கல்லறை எங்கோ தொலைவில் என்று பொருள்.

குன்றின் விளிம்பில் நின்று கீழே வல்தாவா நதியைப் பார்த்தோம். சாலமாண்டர் நாவலின் கடைசிக் கட்டத்தில் இந்த நதிக்கரையில் ஒரு காட்சி வருகிறது. போவோன்ட்ரா என்று ஒரு வாசல் காவல்காரர். ஆரம்பத்தில் அந்தக் கப்பல் கேப்டனைத் தன் முதலாளியைப் பார்க்க உள்ளே விட்டவர். கடைசியில் பிராக் ஆற்றிலேயே ஒரு கறுப்புத் தலை மிதப்பதைப் பார்த்து, எல்லாம் என்னால்தான், நான் அன்றைக்குக் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால்... என்று புலம்புகிறார். ஒரு வாட்ச்மேன்! மந்திரிகள், முதலாளிகள், ஜெனரல்கள் எவருக்கும் வராத குற்ற உணர்ச்சி அவருக்கு வருகிறது.

மூன்று பேனாக்களைத் தேடித்தான் வந்தேன். பார்த்ததென்னவோ, பக்கத்தில் நின்றவர்களை. படம் போட்ட நண்பர், எரிக்காத நண்பர், சாவி கொடுத்த தங்கை, வார்த்தை கொடுத்த அண்ணன். அட்டையில் இவர்கள் பெயர் பெரிசாக இருக்காது. ஆனால் இவர்கள் இல்லையென்றால் அட்டைக்குள் ஒன்றும் இருக்காது.

"மாமா, நான் ஆபீஸ்ல பண்றதே ரோபோ சாஃப்ட்வேர்தான். தினம் நூறு தடவை அந்த வார்த்தைய டைப் அடிக்கறேன். இவர் பேரு இன்னிக்குத்தான் தெரியும்" என்றான்.

நம்மூர் எல்.கே.ஜி. குழந்தையும் அந்த வார்த்தையைச் சொல்கிறது. உலகத்தில் ஏறக்குறைய எல்லா பாஷையும் சொல்கிறது. கல்லறை இல்லாத ஒரு மனிதருக்கு, இதைவிடப் பெரிய கல் எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்?